மில்டனுக்கு இருபது பாட்டு: கிராண்ட் ஹார்ட்டின் 'தி ஆர்க்யுமென்ட்'

மதுரையில் ஆங்கில இலக்கியம் படிக்கும் ஒரு தம்பி கேட்டது இது: "அண்ணே, ஹஸ்கர் டூங்கிற ராக் குழுன்னாலே எல்லாரும் பாப் மோல்டைத்தான் பேசுறாங்க. டிரம்ஸ் வாசிச்ச கிராண்ட் ஹார்ட் ஆங்கிலக் கவி மில்டனை வச்சு ஒரு டபுள் ஆல்பம் போட்டிருக்காருன்னு நீங்கதான் சொன்னீங்க. எங்களுக்கு மில்டனோட பாரடைஸ் லாஸ்ட் காப்பியம், சாத்தான் சொர்க்கத்துல இருந்து விழுந்து ஆதாம் ஏவாளைக் கெடுக்கிற கதை, பாடமா இருக்கறதால ஆசையா போட்டுக் கேட்டேன். இருபது பாட்டும் இருபது ஆள் போட்ட மாதிரி இருக்கு. ரெக்கார்டிங்கும் சுமார்தான். இதைப் போய் ஏன் பெரிய வேலைன்னு சொல்றீங்க?"

தம்பி, நீ குறையாகச் சொன்ன முதல் விஷயம்தான் எனக்கு அந்த ஆல்பத்தில் ரொம்பப் பிடித்தது. ரெக்கார்டிங் பற்றி நீ சொன்னதைப் பாதி ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஆள் யார் என்று தெரியாமல் இந்த ஆல்பத்துக்குள் போனால் வழி தெரியாது.

ஹார்ட் 1961-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சவுத் செயின்ட் பால் என்ற ஊரில் பிறந்தவர். 1979-இல் அவரும் பாப் மோல்டும் கிரெக் நார்ட்டனும் சேர்ந்து ஹஸ்கர் டூ ஆரம்பித்தார்கள். மோல்ட் கிடார், நார்ட்டன் பேஸ், ஹார்ட் டிரம்ஸ். மோல்டும் ஹார்ட்டும் தனித்தனியாகப் பாட்டு எழுதுவார்கள், அவரவர் எழுதியதை அவரவர் பாடுவார்கள். ஆரம்பத்தில் வாங்கு வாங்கென்று வாங்கும் ஹார்ட்கோர் பங்க். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம், பாட்டு முடிந்துவிடும். அந்த வட்டத்துக்குள் இருந்துகொண்டு 1984-இல் ஜென் ஆர்கேட் என்ற டபுள் ஆல்பத்தை வெளியிட்டார்கள். இருபத்து மூன்று பாட்டு, வீட்டை விட்டு ஓடிப்போகும் ஒரு பையனின் கதை. 1983 அக்டோபரில் கலிபோர்னியாவில் பதிவு. பதிவு, மிக்ஸிங் எல்லாம் சேர்த்து 85 மணி நேரம், செலவு 3,200 டாலர். இரண்டே பாட்டுகளைத் தவிர மற்ற எல்லாம் முதல் டேக்கிலேயே முடிந்தவை. பங்க் ஆட்கள் டபுள் ஆல்பம் போடுவதே அப்போது வரம்பு மீறிய காரியம். ஜென் ஆர்கேட் வருவது தெரிந்துதான் அதே கம்பெனியில் இருந்த மினிட்மென் குழு தன்னுடைய ஆல்பத்தையும் இரட்டைத் தட்டாக நீட்டியது. நல்ல போட்டி.

அதில் ஹார்ட்டின் பாட்டுகளை மட்டும் தனியாக எடுத்துக் கேட்டுப் பார். 'நெவர் டாக்கிங் டு யூ அகெய்ன்' வெறும் அகூஸ்டிக் கிடாரில் இரண்டு நிமிடத்துக்குள் முடியும். சத்தம் கிழிக்கும் ஓர் ஆல்பத்தின் நடுவே அவ்வளவு லேசாக ஒன்றை வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். 'பிங்க் டர்ன்ஸ் டு ப்ளூ' போதை மருந்தால் செத்துப்போகும் ஒரு பெண்ணைப் பற்றியது. அதன் மெட்டு கோயில் ஊர்வலம் மாதிரி நிதானமாக நகரும். ஹார்ட் அறுபதுகளின் பாப் பாட்டைக் காதலித்தவர். எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் அடியில் ஒரு மெட்டு முணுமுணுக்கும்படி இருக்கும். அந்த ஆல்பத்தின் அட்டைப்படத்துக்கு வண்ணம் பூசியதும் அவர்தான்.

1987-இல் வந்த வேர்ஹவுஸ் இன்னொரு டபுள் ஆல்பம். இருபது பாட்டு, மோல்டுக்குப் பதினொன்று, ஹார்ட்டுக்கு ஒன்பது. அந்தச் சமயம் அவர்களுடைய மேனேஜர் தற்கொலை செய்துகொண்டார், ஹார்ட் ஹெராயினில் சிக்கியிருந்தார், இருவருக்கும் பேச்சுவார்த்தை கெட்டுப்போயிருந்தது. 1988 தொடக்கத்தில் குழு கலைந்தது. மோல்ட் அப்புறம் சுகர் என்று ஒரு குழு வைத்து வெற்றிகரமாக ஓடினார். ஹார்ட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தச் சண்டையையும் போதையையும் நாலு பக்கம் எழுதிவிட்டு, அவருடைய பாட்டுக்கு ஒரு பத்தி ஒதுக்குவார்கள். அவர் கவனிக்கப்படாமல் போனதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், அவரே மெதுவான ஆள். 1989-இல் இன்டாலரன்ஸ், 1999-இல் குட் நியூஸ் ஃபார் மாடர்ன் மேன், 2009-இல் ஹாட் வேக்ஸ். நடுவில் நோவா மாப் என்ற குழுவோடு இரண்டு ஆல்பம். பத்து வருடத்துக்கு ஒருமுறை தலைகாட்டுகிறவரை எந்தக் கம்பெனிதான் தூக்கி விடும்? டிரம்ஸ் வாசிக்கிறவரைப் பாட்டெழுதும் ஆளாக நினைத்துப் பார்ப்பதில் ரசிகர்களுக்கும் ஒரு மனத்தடை உண்டு.

அந்த நோவா மாப் ஆல்பங்களில் முதலாவது, 1991-இல் வந்த தி லாஸ்ட் டேஸ் ஆஃப் பாம்பெய், நமக்கு முக்கியம். எரிமலையில் புதைந்த பழைய ரோமானிய ஊர் பாம்பெய். அந்தப் பழைய அழிவைச் சொல்லும் ஆல்பத்துக்குள் ராக்கெட் விஞ்ஞானி வெர்னர் ஃபான் பிரவுன் பெயரில் ஒரு பாட்டு வரும். பழைய பேரழிவையும் இருபதாம் நூற்றாண்டையும் ஒரே மேடையில் ஏற்றிப் பார்க்க அவருக்கு அப்போதே ஆசை இருந்திருக்கிறது. எனக்கு அந்த ஆல்பத்தில் பாட்டு பிடிக்கும், கதை பிடிபடாது. கதையை மட்டும் கேட்பவருக்கு அங்கே பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

நோவா மாப் என்ற பெயரே எழுத்தாளர் வில்லியம் பரோஸின் உலகத்திலிருந்து வந்தது. ஹார்ட்டுக்குப் பரோஸோடு பழக்கமும் இருந்தது. பரோஸ் 1997-இல் இறந்தார். மில்டனின் கதையை அணுகுண்டு, வேற்றுக்கிரகம் என்று தன் பாணியில் அவர் மாற்றிப்போட்ட ஒரு சிறிய கைப்பிரதி அச்சாகாமல் கிடந்தது. பரோஸின் எழுத்துகளைக் கவனித்துவந்த ஜேம்ஸ் கிரவர்ஹோல்ஸ் வழியாக அது ஹார்ட்டின் கைக்கு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மில்டனின் மூலத்துக்குள் இறங்கினார். 2013 ஜூலையில் லண்டனின் டொமினோ கம்பெனி தி ஆர்க்யுமென்ட்டை வெளியிட்டது. மினியாபொலிஸில் பதிவு. பெரும்பாலான கருவிகளை அவரே வாசித்தார். மில்டன் ஒவ்வொரு காண்டத்துக்கும் முன்னால் உரைநடையில் வைத்த கதைச்சுருக்கத்துக்கும் ஆல்பத்துக்கும் ஒரே பெயர். உன் பாடப்புத்தகத்தில் அவை அச்சாகியிருந்தால் தாண்டிப் போகாதே.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். 'இருபது ஆள் போட்ட மாதிரி இருக்கு' என்றாய். நம் பக்கத்தில் ஸ்பெஷல் நாடகம் பார்த்திருப்பாய். பார்க்காவிட்டால் பங்குனி, சித்திரையில் மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ ஊர்த் திருவிழாவில் ஒரு ராத்திரி போய் உட்கார். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம்தான் பெரும்பாலும் நடக்கும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்த்ரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பார்கள். ஆர்மோனியக்காரர் எல்லாரையும் பிடித்து ஒரு கயிற்றில் கட்டுவார். பபூன் சினிமா மெட்டில் பாடிக் கிண்டல் செய்வார். நாரதர் வந்தால் விருத்தம். வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடுவாள். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் தொடங்கினால் மணிக்கணக்கில் போகும். பபூனின் மெட்டும் நாரதரின் மெட்டும் ஏன் ஒட்டவில்லை என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கதை எல்லாருக்கும் தெரியும். இன்றைக்கு இந்த வேஷக்காரர் இந்த இடத்தை எப்படிப் பாடுகிறார் என்று பார்க்கத்தான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஹார்ட் செய்திருப்பதும் அந்த வகை வேலைதான். மில்டனைச் சுருக்கிச் சொல்ல அவர் முயலவே இல்லை. பத்தாயிரம் வரிக்கு மேல் உள்ள காப்பியத்தை இருபது பாட்டுக்குள் சுருக்கவும் முடியாது. வேஷங்களைப் பிரித்து, ஒவ்வொரு வேஷத்துக்கும் அமெரிக்கப் பாப் பாட்டின் நூறு வருடச் சரக்கிலிருந்து ஒரு பாணியைக் கொடுத்துவிட்டார். கருவிகளை அவரே வாசித்து, எல்லா வேஷத்தையும் அவரே கட்டுகிறார். ராஜபார்ட்டும் ஸ்த்ரீபார்ட்டும் பபூனும் ஒரே ஆள், ஆர்மோனியமும் அவரே. நீ கேட்ட இருபது ஆளும் அவர்தான்.

பாட்டுப் பாட்டாகப் பார்க்கலாம். 'மார்னிங்ஸ்டார்' சொர்க்கத்திலிருந்து விழுந்து சாத்தானாவதற்கு முந்தைய லூசிஃபர். பளபளவென்று மின்னும் பாப் மெட்டு. இவ்வளவு அழகானவன் பின்னால் என்ன ஆகப்போகிறான் என்று உனக்குத் தெரியும், அதனாலேயே அந்தப் பளபளப்பு உறுத்தும். 'அவேக், அரைஸ்' முதல் காண்டத்தில் எரியும் ஏரியில் கிடக்கும் கூட்டாளிகளைச் சாத்தான் கூப்பிட்டு எழுப்பும் இடம். 'இஃப் வி ஹேவ் த வில்' என்று அடுத்தது வரும்போது அவன் கட்சிக் கூட்டம் நடத்தத் தொடங்கிவிட்டான். அதற்குப் பிறகு வரும் 'ஐ வில் நெவர் சீ மை ஹோம்' எனக்கு இந்த ஆல்பத்திலேயே ஆழமான இடம். மில்டனின் சாத்தான் பேச்சில் எமகாதகன். ஒரு பேச்சு முடிவதற்குள் நம்மையே அவன் பக்கம் சாய்த்துவிடுவான். ஹார்ட் அந்தச் சாத்தானை ஊர் திரும்ப முடியாத ஒருவனாகப் பாடுகிறார். வீரம் எல்லாம் வடிந்துபோய், வீட்டை நினைக்கிறான். இதைக் கேட்டுவிட்டு முதல் காண்டத்துக்குத் திரும்பிப் போனால் சாத்தானின் வீராப்பு வேறு மாதிரி கேட்கும்.

அடுத்து 'ஐ ஆம் டெத்', 'சின்'. இது இரண்டாம் காண்டம். நரகத்தின் வாசலில் பாவம் என்ற பெண்ணும் மரணம் என்ற உருவமும் காவல் இருக்கிறார்கள். பாவம் சாத்தானின் தலையிலிருந்து பிறந்தவள். மரணம் அவர்கள் இருவருக்கும் பிறந்தவன். அருவருப்பான குடும்பம். வகுப்பில் இந்த இடத்தை உருவகம் என்று சொல்லி இரண்டு நிமிடத்தில் கடந்துபோய்விடுவார்கள். ஹார்ட் இந்த இருவருக்கும் தனித்தனிப் பாட்டே கொடுத்து மேடையேற்றிவிட்டார். 'லெட்டிங் மீ அவுட்' வரும்போது கதவு திறக்கிறது, சாத்தான் வெளியே வருகிறான். அந்த இடத்துக்கு அவர் பிடித்த பாணி ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல். நரகத்தின் பூட்டு திறக்கிற நேரத்தில் கால் தாளம் போடுகிறது. தப்பான ஆளுக்கு விடுதலை கிடைக்கிறதே என்று நீ யோசிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும். இந்தக் குறும்புக்காகவே நான் ஹார்ட்டை மோல்டை விட ஒரு படி மேலே வைப்பேன். நீ சண்டைக்கு வந்தாலும் சரி.

'கோல்டன் செயின்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? இரண்டாம் காண்டத்தின் முடிவில், படைக்கப்பட்ட உலகம் சொர்க்கத்திலிருந்து தங்கச் சங்கிலியில் தொங்குவதைச் சாத்தான் தூரத்திலிருந்து பார்ப்பான். ஹார்ட் எவ்வளவு நெருங்கி வாசித்திருக்கிறார் என்று இப்படிச் சின்னச் சின்ன இடங்களில் தெரியும். பெரிய காட்சிகளை யாரும் எடுப்பார்கள், அந்தச் சங்கிலியைக் கவனிப்பவர்கள் குறைவு.

நடுப்பகுதியில் கொஞ்சம் தொய்வு உண்டு, அதை மறைக்க மாட்டேன். 'சோ ஃபார் ஃப்ரம் ஹெவன்' தொடங்கி மூன்று பாட்டை நான் பல தடவை தாண்டிப் போயிருக்கிறேன். மில்டன் ஆறாம் காண்டம் முழுவதையும் கொடுத்த சொர்க்கப் போரை ஹார்ட் 'வார் இன் ஹெவன்' என்ற ஒரே பாட்டில் முடித்துக்கொள்கிறார். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். மில்டனிலும் அந்தப் போர் எனக்கு அலுக்கும். மலையைப் பிடுங்கி எறிகிற இடம் வரும்போது யாரும் சாகமாட்டார்கள் என்று தெரிந்துவிடுகிறதே.

ஒரு விஷயத்தை மட்டும் கவனமாகப் பார். மில்டனில் ஏவாளின் கனவு ஐந்தாம் காண்டத்தின் தொடக்கத்தில் வரும். சாத்தான் தவளை போல அவள் காதருகே உட்கார்ந்து ஊதிய கனவு அது. அதற்குப் பிறகுதான் தேவதூதன் ரஃபேல் வந்து போர்க் கதையைச் சொல்வான். அதன்பின் உலகப் படைப்பு, ஆதாமின் கதை எல்லாம் முடிந்து ஒன்பதாம் காண்டத்தில் கனியைப் பறிக்கிறாள். கனவுக்கும் கனிக்கும் நடுவே பெரிய இடைவெளி. ஹார்ட் வரிசையை மாற்றிவிட்டார். போர் முதலில், அப்புறம் 'குளோரியஸ்', பிறகு 'மோஸ்ட் டிஸ்டர்பிங் ட்ரீம்', அதை ஒட்டியே 'அண்டர்னீத் த ஆப்பிள் ட்ரீ'. கனவிலிருந்து எழுந்தவள் நேரே மரத்தடிக்குப் போகிறாள். காப்பியத்தில் அந்த இடைவெளி ஏவாளுக்கு யோசிக்க நேரம் தருகிறது. பாட்டில் அந்த நேரமே இல்லை. காதில் ஊதியது இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே காரியம் நடந்துவிடுகிறது. பரீட்சையில் ஒன்பதாம் காண்டம் பற்றி எழுதும்போது இந்த ஒப்பீட்டை நீ தாராளமாகப் பயன்படுத்தலாம். எங்கிருந்து வந்தது என்று சொல்லாதே, மார்க் குறையும்.

அந்த ஆப்பிள் மரப் பாட்டைத்தான் நீ கிண்டலுக்குப் போட்டது என்று நினைத்திருப்பாய். 1920, 30-களின் கிராமபோன் காலத்துப் பாட்டுபோல, மூக்கால் குழைந்து பாடுகிறார். மனித குலத்தின் வீழ்ச்சிக்கு இப்படி ஒரு சல்லாபப் பாட்டா என்று தோன்றும். நாடகத்தில் பார்த்தால் உனக்குப் புரிந்திருக்கும், ஆசை காட்டுகிறவன் எப்போதும் இப்படித்தான் பாடுவான். பாம்பு கர்ஜித்தால் ஏவாள் ஓடிவிடுவாள். இனிக்க இனிக்க, கொஞ்சம் அசட்டுத்தனமாக, யாருக்கும் தீங்கு செய்யத் தெரியாதவன்போலப் பேச வேண்டும். அந்தப் பழைய பாணி அதை அப்படியே செய்கிறது. ஆல்பத்தில் சிரிப்பு வருகிற ஒரே இடம் அதுதான், கேடு நடக்கிற இடமும் அதுதான்.

கடைசிப் பாட்டு 'ஃபார் தோஸ் டூ ஹை அஸ்பயரிங்'. அந்தச் சொற்கள் ஆறாம் காண்டத்தின் முடிவில் வரும். போர்க் கதையைச் சொல்லி முடித்த ரஃபேல், அளவுக்கு மீறி உயர ஆசைப்பட்டு விழுந்தவர்களைச் சுட்டி ஆதாமை எச்சரிக்கும் இடம். ஹார்ட் அதைப் பிடுங்கிக் கடைசியில் வைத்து, துள்ளலாகப் பாடி முடிக்கிறார். எச்சரிக்கையாக எழுதப்பட்ட வரி விழுந்தவர்களுக்கு வைத்த விருந்தாகிவிடுகிறது. மில்டனின் கடைசிக் காண்டத்தில் ஆதாமும் ஏவாளும் கைகோத்துக்கொண்டு மெல்ல நடந்து வெளியேறும் அந்த அமைதியை இவர் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. உன் வாத்தியார் இந்த முடிவை ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

ரெக்கார்டிங் விஷயம். ஆமாம், பல இடங்களில் டிரம்ஸ் அட்டைப்பெட்டி மாதிரி கேட்கிறது. குரலும் சில பாட்டில் பின்னால் நின்றுவிடுகிறது. வயதான குரல், உச்சத்துக்குப் போனால் ஓரம் கிழிகிறது. பெரிய ஸ்டூடியோவில், ஆள் வைத்து வாசிக்க வைத்திருந்தால் இன்னும் நன்றாக ஒலித்திருக்கும். ஆனால் அப்போது ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒவ்வொரு கைதேர்ந்த ஆள் வந்திருப்பார், மொத்தமும் ஒரு பகட்டான ராக் ஆபரா ஆகியிருக்கும் என்ற பயமும் எனக்கு உண்டு. செல்போன் ஸ்பீக்கரில் கேட்டிருந்தால் மட்டும் உன் குறையை நான் ஏற்க மாட்டேன். ஹெட்போன் மாட்டு.

விவிலியக் கதையைத் தன் ஊர்ப் பாட்டுக்குள் கொண்டுவருவதை நாம் ஒன்றும் விநோதமாகப் பார்க்க வேண்டியதில்லை. மதுரை மிஷனுக்கு வந்த வீரமாமுனிவர் 1726-லேயே தேம்பாவணி பாடிவிட்டார். மில்டனின் முதல் காண்டத்தையே வெள்ளக்கால் சுப்பிரமணிய முதலியார் 1895-இல் 'சுவர்க்க நீக்கம்' என்று தமிழ்ச் செய்யுளாக்கினார். கல்லூரி நூலகத்தில் கிடைத்தால் புரட்டிப் பார்.

எப்படிக் கேட்பது? ஒரே மூச்சில் இருபதையும் கேட்காதே. இசைத்தட்டில் அது நான்கு பக்கம், ஒரு பக்கம் முடிந்தால் எழுந்து திருப்பிப் போட்டாக வேண்டும். அந்த இடைவெளி அதற்குத் தேவை. முதல் இரண்டு காண்டத்தின் கதைச்சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு 'லெட்டிங் மீ அவுட்' வரை ஒரு நாள் கேள். இன்னொரு நாள் ஒன்பதாம் காண்டத்தைப் படித்துவிட்டு, 'வார் இன் ஹெவன்' தொடங்கிக் கடைசி வரை போ. நடுவில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பாட்டிலும் 'இப்போது மேடையில் யார்?' என்று மட்டும் கேட்டுக்கொள். மெட்டு ஏன் மாறியது என்பது தானாகப் புரியும்.

ஹார்ட் 2017 செப்டம்பரில், 56 வயதில் புற்றுநோயால் இறந்தார். தி ஆர்க்யுமென்ட்தான் அவர் இருக்கும்போது வந்த கடைசி ஆல்பம். இது உனக்கு ஒட்டவே இல்லையென்றால் '2541' என்ற பாட்டைத் தேடிப் போடு. மினியாபொலிஸில் ஹஸ்கர் டூவின் அலுவலகம் இருந்த கதவு எண் அது. இரண்டு பேர் சேர்ந்து குடிவந்த ஒரு வீடு, அப்புறம் காலி செய்கிற வீடு, அவ்வளவுதான் பாட்டு. வேஷம் எதுவும் கட்டாத ஹார்ட் அதில் இருக்கிறார். மூன்று வடிவமாவது கிடைக்கும், முதலில் 1988-இல் வந்த அகூஸ்டிக் வடிவத்தைக் கேள்.